பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை

லண்டன்

அன்புள்ள அம்மா,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்க நீங்கள் உட்கார வேண்டாம். தங்கச்சி கொனாடு சும்மாதானே இருக்கிறாள், அவள் இடிக்கட்டும்.

பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தும் அந்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. பழைய கானா பாஸ்போர்ட்டிலேயே வந்துவிடலாமா என்று டிக்கெட் கடை போவாச்சியிடம் கேட்டேன். அவரும் நம் ஊர் குமாசிக்காரர்தான்.

"தாராளமாப் போகலாம்க்கா. திரும்பி வரும்போதுதான் பிளேன்ல ஏத்த மாட்டாங்க."

"எங்கம்மா வேண்டிக்கிறதும் அதைத்தான்," என்றேன். கடையே சிரித்தது.

டிக்கெட் வாங்காமல் வந்துவிட்டேன். என் வேலை போனால் தங்கைகள் பாடு என்ன ஆவது?

அப்பாவின் அடக்கத்துக்கு எல்லோருக்கும் எடுக்கும் கறுப்புத் துணியில் எனக்கும் எடுத்து அனுப்புங்கள். அன்றைக்கு என் அறையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சவப்பெட்டி பிள்ளைகள் வாங்க வேண்டியது. எனக்கும் சேர்த்து கொனாடுவே பார்த்து வாங்கட்டும்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. மூத்தவள் வராமல் தேதி குறிக்க மாட்டேன் என்று சித்தப்பா பிடிவாதமாக இருக்கிறாராமே, அவரிடம் சொல்லுங்கள். எனக்காக அப்பாவைப் பிணவறையில் வைத்திருக்க வேண்டாம். குளிரில் தனியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்,
டூஃபியே