சோடாவும் மசாஜ் மெஷினும்

ஞாயிறு இரவு.

சித்தப்பாவை அடிக்காமல் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

சித்திக்கு மார்பில் புற்றுநோய். பார்த்துவிட்டு வரலாம் என்று உலு திராமில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சித்தி சோபாவில் சாய்ந்திருந்தார், கையில் சோடா டின். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஆன்லைனில் வாங்கிய அல்ட்ராசவுண்ட் மசாஜ் மெஷினைக் கட்டியின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ லேப்ல செய்றதுதாம்மா. மெஷின்ல சவுண்டு, சோடால பபுள். கீமோவ நிறுத்தியாச்சு லா, அவளுக்கு வாந்தி தாங்கல."

நான் லேபில் புற்றுச் செல்களோடு கலப்பது ரத்த அணுவைவிடச் சிறிய குமிழிகள். ஒலி பட்டதும் அவை துடித்து, செல்லின் சவ்வில் நுண்ணிய ஓட்டை போடும். அந்த ஓட்டையே கீமோ மருந்து உள்ளே நுழையத்தான். மருந்தையே நிறுத்திவிட்டு இந்த மனுஷன் யாருக்குக் கதவு திறக்கிறார்? சோடா ஏப்பமாகத்தான் வெளியே வரும்.

கத்தினேன். மெஷினைப் பிடுங்கிப் பையில் போட்டேன். சித்தப்பா வெளியே போய்க் காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

சித்தி மெல்லச் சொன்னார்: "இது சும்மான்னு எனக்கும் தெரியும்மா. கல்யாணம் கட்டுனதிலேர்ந்து அவரு இவ்வளவு நேரம் என் பக்கத்துல உக்காந்ததே இல்ல."

அதைக் கேட்டதும் கோபம் இரண்டு மடங்கானது.

நாளை இருவரையும் நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இனி கீமோ ஏறும் நேரமெல்லாம் சித்தப்பாவுக்கு சித்தியின் பக்கத்து நாற்காலிதான். எழுந்திருக்கட்டும், பார்க்கிறேன்.