மச்சானின் மூச்சு

கம்பளை
12.2.1933

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உம்மாவும் நானும் சுகம். தங்கள் தொய்வு, இழுப்பெல்லாம் எப்படி? பனி நேரம் மூச்சு இழுக்குமே என்று எனக்கு இங்கே கவலைதான்.

நிற்க. "பத்து நாள் உம்மாவோடு இருந்துவிட்டு வா" என்று கொண்டுவந்து விட்டீர்கள். மூன்று மாதமாகிறது. பெருநாளுக்கும் வரவில்லை. மதினி நேரேயே கேட்கிறாள்: "மக்கீன் மச்சான் வேற கலியாணம் பேசுறாரா?" சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் போன வருடமே பாயை எடுத்துக்கொண்டு நம் பிடவைக் கடையில் படுக்கத் தொடங்கினீர்களே. அன்றிலிருந்து என் மனதிலும் அந்தக் கேள்விதான்.

கலியாணமான வருடம் கண்டி வாவியைச் சுற்றி நடந்தோமே, நினைவிருக்கிறதா? மழை பிடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். முக்காடு நனைந்து நான் சிரித்த சிரிப்பை, வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்த விடவில்லை தாங்கள்.

ஒளிக்காமல் எழுதுங்கள்.

தங்கள் சகீனா

அக்குறணை
20.2.1933

சகீனாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

வேறு கலியாணமா? அல்லாஹ் அறிவான், அப்படி ஓர் எண்ணமே இல்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். போன வருட நோன்பு முடிந்து ஒருநாள் உன்னை அணைத்தேன். பாதியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீ அழுதுகொண்டே முதுகைத் தடவினாய். அதன்பிறகு ஆசை வரும்போதே இழுப்பும் வருமோ என்று பயம் பிடித்துக்கொள்கிறது. துணிப் பொதி தூக்க முடியாததைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

உனக்கு இருபத்து நாலு வயது. பிள்ளை பெற வேண்டியவள். நீ விரும்பினால், உன்மேல் ஒரு குறையும் சொல்லாமல் தலாக் தருகிறேன்.

மக்கீன்

கம்பளை
24.2.1933

மச்சானுக்கு,

தலாக் என்ற சொல்லைக் கண்டதும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து, விரித்து, மறுபடி வாசித்தேன். அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. என்னைப் பிடிக்காமல் போகவில்லை, அவ்வளவுதானே!

எனக்கு ஆசை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். பிள்ளை வேண்டும் என்பதும் உண்மை. அதெல்லாம் தங்களோடுதான் வேண்டும். அன்று அழுதது குறைப்பட்டு அல்ல, மூச்சு நின்று மௌத்தாகிவிடுவீர்களோ என்று பயந்து.

மருத்துவிச்சி ஹவ்வா உம்மாவிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ராவையில ஏன் புள்ள? பகல்ல, லுஹர் தொழுகைக்குப் பொறகு நெஞ்சு லேசா இரிக்கும். தலகாணிய அடுக்கிச் சாஞ்சிக்கச் சொல்லு. அவசரம் வாணாம். ஏலாத நாளையில சும்மா பக்கத்துல இரிந்தாலும் போதும்" என்றார். எழுந்து வரும்போது, "மக்கீனுக்கு ஸலாம் சொல்லு" என்றாரே!

வந்து கூட்டிப்போங்கள்.

சகீனா

அக்குறணை
27.2.1933

என் சகீனா,

ஹவ்வா உம்மாவுக்கு என் ஸலாம். இனி லுஹர் முதல் அஸர் தொழுகை வரை கடைக்குப் பூட்டு.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏற்றம். முன்பெல்லாம் நீ ஜன்னலில் நின்று பார்ப்பாயே என்று, மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறி வருவேன். இந்தத் தடவை அது முடியாது. நாலு இடத்திலாவது நிற்பேன். நீ கீழே இறங்கி வா. சேர்ந்து மெதுவாக ஏறுவோம்.

உன் மச்சான்