ஒரு மில்லிமீட்டர்

அன்புள்ள தபஸ்ஸும், அஸ்ஸலாமு அலைக்கும். மேலப்பாளையத்தில் நீயும் பிள்ளை ஃபஹீமாவும் சுகம்தானே?

முதலில் நல்ல சேதி! என் தலைக்குள் இருப்பது புற்றுநோய் இல்லை, வெறும் காசநோய்க் கட்டி! ஒன்றரை வருடம் மாத்திரை போட்டால் கரைந்துவிடுமாம்!

கோபப்படாதே. போன மாதம் திருமுடிவாக்கம் கம்பெனியில் வலிப்பு வந்து விழுந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஸ்கேனில் கட்டி தெரிந்தது, என்ன கட்டி என்று தெரியவில்லை. அதனால் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், ஸ்கேன் படத்தை வைத்துக் குறிபார்த்து, ஊசியால் துளி சதை எடுத்தார்கள். துளை போடும் முன் நான் இரும்பை அசையாமல் இறுக்குவேனே, அதேபோல என் தலையை ஒரு வளையத்தில் நான்கு திருகாணி போட்டு இறுக்கினார்கள்!

நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ரத்தம் கசியலாம், குறி ஒரு மில்லிமீட்டர் விலகலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். கூட வந்திருந்த முதலாளி ஜெயவேலு சார் துள்ளிவிட்டார்.

"இன்னா டாக்டர், ஒரு எம்எம்மா? நம்ம கம்பெனில அது ரிஜெக்ட் பீஸு!"

"கட்டி நெல்லிக்காய் சைஸ் சார், தப்பாது."

தப்பவில்லை!

மழித்த இடம் குளிர்கிறது, என் தொப்பியை அனுப்பு. இல்லை, அனுப்பாதே. சம்மதப் படிவத்தில் உறவு கேட்ட இடத்தில் சார் 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபதாம் தேதி மறுபடி ஸ்கேன். அன்றைய படிவத்தில் அந்த இடத்தில் 'மனைவி' என்று எழுத வேண்டும். தொப்பியை நீயே கொண்டுவா.

நர்ஸ் வந்துவிட்டார்.

உன் யாசீன்