நெளிந்த மூடி

பீசெக்,
ஏப்ரல், ஞாயிறு காலை

மதிப்புக்குரிய ஓல்ட்ரிஹ் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதத்தான் கை போனது. மதுக்கடையில் அத்தனை பேர் முன்னால் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்த உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

என் மனைவி ஆலேனாவும் மகள் தாக்மாரும் நலம். கடையில் வியாபாரம் மந்தம். தோட்டச் சாமான் மட்டும் நகர்கிறது. நலம் விசாரிக்கும் சாக்கில் விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன். சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஈஸ்ட் சாகவில்லை.

கல்யாணத்துக்கு நம் கையால் பீர் போடலாம் என்று நான்தான் உங்களைக் கேட்டேன். நீங்களும் பீர் ஆலையிலிருந்து ஈஸ்ட்டைக் கண்ணாடி ஜாடியில் வாங்கி, துண்டு சுற்றி, தாபோரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தீர்கள். நிலவறைக் குளிரில் அது மெதுவாகத்தான் முழிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானோ பீர் ஊறும் வாளியின் மூடி மேல், காற்று குமிழியிட்டு வெளியேறச் செருகிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலையாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை.

அன்று மதுக்கடையில், "செத்த ஈஸ்ட்டக் கொடுத்துட்டு எம் பொண்ண எடுக்க வந்துட்டாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கோபப்படக்கூட இல்லை. "மூடியத் தொறந்து பாத்தியா?" என்று மட்டும் கேட்டீர்கள். "வாளி விக்கிறவனுக்கே வாளியப் பத்திச் சொல்லித் தரியா?" என்றேன். குடித்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

மறுநாள் தாக்மார்தான் திறந்தாள். விளிம்புவரை வெள்ளை நுரை. நான் பார்க்கட்டும் என்று அவள் ஒதுங்கி நின்றாள். மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. காற்று முழுக்க அந்த இடுக்கு வழியே போயிருக்கிறது. குழாயில் குமிழி எப்படி வரும்?

அந்த வாளி யாரோ குறை சொல்லிக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தது. விற்க முடியாது, வீட்டுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன். ஆலேனா விடவில்லை: "ஊரான் வேணாம்னு வீசினது உம்ம பொண்ணு கல்யாணத்துக்கு. பழி மட்டும் அந்த மனுஷன் தலையிலயா?"

நேற்று அதே மதுக்கடையில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, என் வாளியுடையது என்று சொன்னேன். தபால்கார மிலோஷ், "அப்போ வாளிக்கு எப்பய்யா அடக்கம்?" என்றான். இன்னும் ஒரு மாதத்துக்கு அவர்களுக்குச் சிரிக்க இது போதும். சிரிக்கட்டும். ஆனால் அது கேட்க வேண்டிய காது அங்கே இல்லை.

ராதிம் இங்கே வருவதை நிறுத்திவிட்டான். "எங்கப்பா வராத கல்யாணத்துல நான் எப்படிங்க நிப்பேன்?" என்று தாக்மாரிடம் கேட்டானாம். அவளுடைய வெள்ளை உடை தைத்து வந்துவிட்டது. பெட்டியைக்கூட அவள் பிரிக்கவில்லை.

எதற்கும் பேரம் பேசியே பழகியவன் நான். இதற்குப் பேரம் பேச என்னிடம் எதுவும் இல்லை. என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். ஜூனில் உங்கள் பையன் பக்கத்தில் வந்து நின்றால் போதும். விருந்தில் யார் எங்கே உட்கார்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வாசல் ஓரத்தில் ஒரு நாற்காலி எனக்கு ஒதுக்கினால், அங்கிருந்தே என் மகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

தலைகுனிந்து,
போஹுஸ்லாவ்