மிஞ்சிப்போன இரண்டு பரிசுப் புத்தகங்கள்

அன்பு மகள் சிநாட்சுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே ஜெர்மனியில் வேளா வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே ஜப்பானில், இமாபாரியில் நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நலமில்லை என்று எழுதவும் காரணம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் முடிந்துவிட்டது, சிள்வண்டுகள் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகின்றன. அப்பா போய் நாளையோடு நான்கு மாதம். தினமும் அவர் படத்துக்கு முன்னால் சோறு வைத்து மணி அடிக்கிறேன், அப்புறம் அதே சோற்றை எடுத்து நானே சாப்பிடுகிறேன். அழுகை இன்னும் வரவில்லை. பல் பிடுங்கிய அன்றைக்குக் கன்னம் கடித்தாலும் தெரியாமல் இருக்குமே, நாள் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. இதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. வீட்டில் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா துக்கத்துக்கு வந்து பண உறை வைத்தவர்களுக்கெல்லாம் பதில் மரியாதையாக அனுப்பினோமே பரிசுப் புத்தகம், படம் பார்த்துப் பிடித்த பொருளின் எண்ணைத் தபால் அட்டையில் எழுதி அனுப்பினால் வீட்டுக்கு வந்து சேருமே, நீதானே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாய், எதிர்பாராமல் யாராவது வந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாகவும் வாங்கினாய். அதில் இரண்டு மிஞ்சிவிட்டது. வீணாகப் போவானேன் என்று ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் துண்டு. ஊரெல்லாம் துண்டு நெய்கிற இமாபாரியில் யார் வீட்டில் துண்டு இல்லை சொல். கடைசியில் மூடியோடு ஒரு வாணலி பிடித்தது, எண்ணை எழுதிப் போட்டேன். படத்துக்குக் கீழே இருக்கிற எண்ணை எழுத வேண்டுமாம், நான் மேலே இருந்ததை எழுதியிருக்கிறேன். பத்து நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு மவுத் ஆர்கன். புருஷன் செத்ததற்கு எனக்கே நான் கொடுத்துக்கொண்ட மரியாதை மவுத் ஆர்கன். திருப்பி அனுப்பலாம்தான், ஆனால் போன் எடுத்து ஒருத்தியிடம் விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

மூன்று நாள் அது சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. நாலாம் நாள் மத்தியானம் எடுத்து வாயில் வைத்தேன். மூச்சு விட்டால் ஒரு சத்தம், இழுத்தால் ஒரு சத்தம். மூச்சு எப்படியும் விட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், அதனால் ஒரு சிரமமும் இல்லை, பாட்டும் இல்லை, சும்மா போய் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டு ஓச்சி கத்தரிக்காய்க் கூடையோடு நிற்கிறாள். ஏன்டி சுமியே, கப்பல் பட்டறைல ஊதுற சங்கு மாட்டிக்கிட்டு நிக்க மாட்டேங்குதோன்னு ஓடி வந்தேன், நீதானா அது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்செட் கழன்று மவுத் ஆர்கனோடு ஒட்டிக்கொண்டது, அதைப் பார்த்து அவளும் சிரிக்க, இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அப்புறம்தான் அப்பா படம் கண்ணில் பட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கன்னம் மறுபடி மரத்துப்போயிற்று, ஆனால் நடுவே ஒரு ஐந்து நிமிஷம் வலித்தது, அது எனக்குத் தெரிந்தது.

இதைப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. நகராட்சி மண்டபத்தில் வகுப்பு இருக்கும்மா, சேர்ந்துடு, தேர்வு வச்சு சர்டிபிகேட் கூடக் குடுப்பாங்க, மறதி நோய்க்கு நல்லது என்றாய். டாக்டர் நுரையீரலுக்கு நல்லது என்கிறார். ஓச்சி கூட ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்கிறாள். ஜாலியா இருக்கா என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நான் உன் அப்பாவிடம் கேட்டேனா. முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலைத்தடுப்புச் சுவரில் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டு வெறும் கூடையோடு வருவார். கடல்ல மீனே தீந்துபோச்சா என்று வாரா வாரம் குத்திக் காட்டுவேன். ஓச்சி புருஷன் இப்போதுதான் சொல்கிறார், மீனு மாட்டினாதான் உங்க வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போகும், ஐயோ இதை வேற கழட்டணுமேம்பார், அவர் சும்மா உக்காரத்தான் வந்தார் என்று. அந்த மனுஷனைப் போய் மீன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில், ஞாயிற்றுக்கிழமை மூணு மணி வரைக்கும் படுத்தே கிடக்கேம்மா, எதுவும் பிடிக்கலை என்று சொல்லிவிட்டு உடனே ஆபீஸ் பேச்சுக்குப் போய்விட்டாய். நான் அதிலிருந்து மீளவில்லை. புருஷன் போனவள் மரத்துக் கிடப்பது சகஜம், நாற்பத்தொரு வயதில் நீ ஏன் கிடக்க வேண்டும். பயமாக இருக்கிறது, சிநாட்சு. எனக்கு ஒரு வழிதான் தோன்றுகிறது, அதையும் அன்றைக்கு அடைத்தவள் நான்தான். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு முந்தைய குளிர்காலம், நீ வாத்தியார்களையெல்லாம் கேலிப்படமாக வரைந்து வைத்திருந்த ஏழு நோட்டுகள். இதைப் பாத்து எந்த ஸ்கூல்ல இடம் தரப் போறான் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை எரிப்பதற்கு எடுத்துப்போகும் குப்பையோடு நீயே கட்டிக் கொண்டுபோய் வைத்தாய். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. அதற்கப்புறம் நீ எதையும் கிறுக்கி நான் பார்த்ததில்லை.

மிஞ்சிய இன்னொரு புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். எண்ணை எழுதி எனக்கு அனுப்பு, நான் எடுத்து வைத்திருக்கும் அட்டையில் எழுதி இங்கிருந்து தபாலில் போட்டு, வந்த பொருளை உனக்கு அனுப்பிவைக்கிறேன். ஆகஸ்ட் முப்பத்தொன்று கடைசித் தேதி, மறந்துவிடாதே. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கலர் பென்சில் இருக்கிறது, அதைத்தான் எழுது என்று நான் சொல்ல மாட்டேன். வாணலி மட்டும் எழுதாதே, உபயோகமான எதையும் எழுதாதே. எண் படத்துக்குக் கீழே இருக்கும்.

இன்னும் ஒன்று. அந்த நோட்டுகளைக் குப்பைக்காரர் வருவதற்குள் ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நானும் இருந்தேன், கையில் சோற்றுக் கரண்டி, தலையில் இரண்டு கொம்பு. தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் அப்பா படத்திடம் சொல்கிறேன், அவர் ஆசியும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
கொம்பு வைத்த உன் அம்மா,
சுமியே