துவைக்காத துண்டு

டிக்கர்ஸ் தீவு, நியூஃபவுண்ட்லாந்து
ஏப்ரல் 9

அன்புள்ள வெர்னா,

நீயும் டில்லியும் நல்லபடியாகக் கரை சேர்ந்திருப்பீர்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஸ்கிப்பர் அடுப்புக்குப் பின்னால் மூக்கை நுழைத்து உன் டில்லிப் பூனையைத் தேடிக்கொண்டே இருக்கிறான். வந்த நாள் முதல் அவள் அங்கேயே ஒடுங்கிக் கிடந்தாள், பாவம். இவன் விளையாடத்தான் கூப்பிட்டான். தின்ன வருகிற நாய் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"டில்லி இருக்க முடியாத வீட்டுல நான் எப்படி ஹெட்லி இருப்பேன்?" என்று படகுத்துறையில் நீ கேட்டாய். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் என் காதில் விழுந்தது. செப்டம்பரில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் நான் எங்கே போவேன்? ஸ்கிப்பரை யாருக்காவது கொடுத்துவிடலாம்தான். ஆனால் கதவு தட்டினாலும் கெட்டிலில் தண்ணீர் கொதித்தாலும் ஓடிவந்து என் மேல் பாய்ந்து சொல்கிறவன் அவன்தானே. காலமெல்லாம் படகு எஞ்சின் பக்கத்தில் நின்ற எனக்கு வேறு காது ஏது?

மிருக வைத்தியர் அம்மா சொன்னபடி ஸ்கிப்பர் படுக்கும் துண்டை அனுப்பியிருக்கிறேன். டில்லியின் தட்டுக்கு அடியில் விரித்துப் பார். "மொதல்ல வாசனை பழகட்டும், மூஞ்சி அப்புறம்"னு சொன்னாரே.

உன்,
ஹெட்லி


காண்டர்
ஏப்ரல் 21

அன்புள்ள ஹெட்லி,

துண்டு வந்தது. விரித்த உடனே டில்லி கொஞ்சமும் தயங்காமல் வந்து சாப்பிட்டாள். அதன் மேலேயே சுருண்டு தூங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஃப்ளோராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுல நாயும் இல்ல, நரியும் இல்ல. சோப்புத்தூள் வாசனைதான் வருது. உன் ஆளு தொவைச்சில்ல அனுப்பியிருக்காரு!" என்றாள்.

துவைத்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது!

டில்லி படுத்த போர்வையை இத்துடன் அனுப்புகிறேன். அதையாவது துவைக்காமல் ஸ்கிப்பரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
வெர்னா


டிக்கர்ஸ் தீவு
மே 2

அன்புள்ள வெர்னா,

துவைக்காமல் எப்படி அனுப்புவது? தபாலாபீஸ் மேவிஸ் ஒவ்வொரு பொட்டலத்தையும் மோந்து பார்க்கிறவள். கல்யாணம் பேசியிருக்கும் பெண்ணுக்கு அழுக்குத் துணி அனுப்பினான் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். துவைத்துக் கடற்காற்றில் உலர்த்தி இஸ்திரியும் போட்டேன். அது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்தத் தடவை அவன் படுத்த வேறொரு துண்டை அப்படியே அனுப்புகிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் போர்வையை ஸ்கிப்பர் வாயில் கவ்விக்கொண்டு துறைமுகம் முழுக்கச் சுற்றுகிறான். வலை பின்னுகிற பயல்கள் விடுவார்களா? "என்ன ஹெட்லி, பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே சீர் வந்துடுச்சு போல! நாய்க்குத்தானா கல்யாணம்?" என்கிறார்கள். சமையலறை வாசலுக்கு மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து ஒரு கதவு செய்துவிட்டேன். கருவாட்டுத் துண்டைக் காட்டினால் அவன் கதவின் முன்னால் படுக்கிறான். வால் மட்டும் நிற்பதில்லை.

உன்,
ஹெட்லி


காண்டர்
ஜூன் 5

அன்புள்ள ஹெட்லி,

அப்பப்பா, என்ன நாற்றம்! இதுதான் நாய். முதல் நாள் டில்லி தட்டின் பக்கமே வரவில்லை. தட்டைத் துண்டிலிருந்து தள்ளி வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினேன். இப்போது துண்டின் மேல் ஒரு காலை வைத்தபடியே சாப்பிடுகிறாள். ஜூலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். தேவாலயத்தில் ஏற்பாடெல்லாம் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
வெர்னா


காண்டர்
ஜூலை 24

அன்புள்ள ஹெட்லி,

சொல்லாமல் கொள்ளாமல் காலைப் படகில் கிளம்பிவிட்டேன். மன்னியுங்கள்.

நீங்களும் பார்த்தீர்களே. ஸ்கிப்பர் சட்டக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். டில்லி அடிமேல் அடி வைத்து வந்தாள். மூக்கும் மூக்கும் தொட்டுக்கொண்டன. எத்தனை நாள் காத்திருந்தோம் அதற்கு! அப்போது நீங்கள், "சபாஷ்டா என் ராசா!" என்று கத்தினீர்கள்.

டில்லி அடுப்புக்குப் பின்னால் ஓடினாள். நான் என்ன செய்தேன் என்று நீங்கள் பார்க்கவில்லை. சாமான் அறைக்குள் போய்க் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வெர்னா! எங்க போயிட்ட?" என்று வீடு அதிரத் தேடினீர்கள். என் கை கதவை விடவில்லை.

நீங்கள் சந்தோஷத்தில்தான் கத்தினீர்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் கிளாரன்ஸோடு குடும்பம் நடத்திய வருஷங்களில், அவர் குரல் உயர்ந்தால் எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிவது என்றுதான் கற்றுக்கொண்டேன். டில்லியும் அந்த வீட்டில் குட்டியாக இருந்தவள்தான். அவர் செத்த பிறகும் எங்கள் இருவருக்கும் அது போகவில்லை.

ஸ்கிப்பரை அவள் பழகிக்கொண்டாள். குற்றம் அவனுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை. அதனால்தான் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. செப்டம்பர் வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள், ஹெட்லி.

வெர்னா


டிக்கர்ஸ் தீவு
ஆகஸ்ட் 16

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே மேவிஸிடம் போய், நான் கத்தியா பேசுகிறேன் என்று கேட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, நீங்க இங்க பேசுனா கோயில் வரைக்கும் கேக்குமே! உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது வெர்னா. என் குரல் எனக்கே எட்டுவதில்லை. நரம்பு செத்துவிட்டது, கருவி மாட்டினாலும் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஸ்கிப்பரை எதிரில் உட்கார வைத்துப் பழகிப் பார்க்கிறேன். அவன் காது பின்னால் மடங்கினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். உடனே குறைத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தோஷம் வந்தால் எல்லாம் மறந்துபோகிறது. நேற்று நல்ல மீன் கிடைத்தது. என்ன சொன்னேனோ, அவன் மேசைக்கு அடியில் போய்விட்டான். நாயைப் படுக்க வைக்க எனக்குத் தெரிகிறது. என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன்.

இத்துடன் என் கம்பளிச் சட்டையை அனுப்புகிறேன். வாரம் முழுக்கப் போட்டிருந்தது. துவைக்கவில்லை. மேவிஸ் மோந்து பார்த்தால் பார்க்கட்டும். டில்லியின் தட்டுக்கு அடியில் விரித்து வை. அவள் சாப்பிடவில்லை என்றால் தட்டைக் கொஞ்சம் தள்ளி வை.

உன் நாற்காலியையும் சட்டையிலிருந்து தள்ளியே போட்டுக்கொள். அவசரம் ஒன்றும் இல்லை.

உன்,
ஹெட்லி