பிடுங்காத பல்

என் அன்புக்குரிய வாயாடியின் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் கப்பலும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், பற்கள் உட்பட. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் நாலு கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் மகளின் பல் பிழைத்துவிட்டது. இன்று டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

ஆமாம், 'நான்' என்றுதான் எழுதுகிறேன். ஊசியைத் தாங்கியவள் அவள், வேலை செய்தவர் டாக்டரம்மா. ஆனால் வீட்டில் சண்டை போட்டது யார்?

போன வருஷம் அவள் கன்னம் வீங்கிக்கொண்டு நின்றபோது, பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும், விடு என்றீர்கள். உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, வீடே அதைத்தான் சொன்னது. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்த கடைவாய்ப் பல் அது. ஒரு பல் விழுந்து அந்த இடத்தில் முளைத்தால்தான் நமக்கு அது நிலையான பல். இது எதையும் தள்ளாமல் வந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. சொத்தை விழுந்தபோதும் கண்டுகொள்ளவில்லை. இது போனால் போனதுதான், இந்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

அதற்கு முன்னால் உங்கள் அண்ணன் தன் டயர்க் கடைக்கு எதிரே இருக்கும் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனது உங்களுக்குத் தெரியும். அவர் எட்டிப் பார்த்தார், பிடுங்கிவிடலாம் என்றார், கையைக் கழுவினார். சின்னப் பிள்ளைக்கு வேர் சிகிச்சையெல்லாம் நிற்காது என்பது அவர் கட்சி. உங்கள் அண்ணனுக்கு அது வேத வாக்கு. "ஏம்மா, பங்க்சர் ஒட்டின டயர்ல எத்தனை நாள் வண்டி ஓட்டுவ? புடுங்கிப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சு போற வேலை" என்றார். நீங்களும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். ஓடாத மோட்டாரைக்கூட, என்றைக்காவது உதவும் என்று கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் மனிதர் நீங்கள், பெற்ற பிள்ளையின் பல்லைக் கழற்றி எறியச் சொன்னீர்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் இந்த டாக்டரம்மாவிடம் போனேன். செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டே அறை. குழந்தைகளுக்கு மட்டும்தான் பார்க்கிறார். பல்லுக்குள்ளே நரம்பு செத்துவிட்டது, ஆனால் வேரின் நுனி இன்னும் மூடவில்லை, வாய் திறந்த குழாய் மாதிரி இருக்கிறது, அதனால் பெரியவர்களுக்குச் செய்வது போலச் செய்ய முடியாது என்றார். உள்ளே சுத்தம் செய்து, சிமெண்ட் போல இறுகும் ஒரு மருந்தால் அந்த நுனியை அடைத்து, மேலே மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். பெரும்பாலும் நன்றாக ஆகும், சில பிள்ளைகளுக்கு மறுபடி சீழ் வைக்கும், அப்படி ஆனால் எடுக்க வேண்டியதுதான் என்றார். நூற்றுக்கு நூறு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

அன்றைக்குப் போனில் நீங்கள் சொன்னீர்கள்: "உன் இஷ்டம். ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு." சரி என்று வைத்துவிட்டேன். மறுநாள் சோப்புப் பெட்டிகளில் லேபிளைத் தலைகீழாக ஒட்டி மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிகிச்சை நாளில் உங்கள் மகள் செய்த கூத்தைக் கேளுங்கள். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டதால் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்க வேண்டும். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பாதியில் கை மேலே போனது. எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தி, விரிப்பைத் தளர்த்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அவளுக்கு வலியே இல்லை. கொய்யென்று கத்துகிற அந்த மெஷினுக்கு என்ன பேர் என்று தெரிய வேண்டுமாம்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். காத்திருப்பதற்கு மருந்து இல்லையே. அவள் சாப்பிட உட்கார்ந்தால் எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று நான் தட்டைப் பார்க்காமல் தாடையைப் பார்ப்பேன். நடுவில் ஒரு நாள் அந்தப் பல்லின் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. உங்களுக்குச் சொல்லவில்லை, உங்கள் அண்ணனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவளை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். டாக்டரம்மா ஒரு சின்னக் கருவியால் ஈறுக்குள்ளிருந்து எதையோ எடுத்து என் கண்முன் நீட்டினார். சோளப்பொரியின் தோல். அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவளைத் திட்டக்கூட மறந்துவிட்டேன்.

இன்று உங்கள் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். நேரில் பார்த்துவிட வேண்டுமாம். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் வேருக்குக் கீழே எலும்பு கரைந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. புதியதில் அந்தக் கறுப்பு இல்லை. எலும்பு திரும்ப வளர்ந்து மூடியிருந்தது. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் இது எனக்கே தெரிந்தது. இனியும் வருஷா வருஷம் காட்ட வேண்டும், பல் உடையாமலிருக்க அடுத்த வாரம் மேலே ஒரு உறை போட வேண்டும். மற்றபடி பயம் விட்டது என்றார்.

உங்கள் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "ஒட்டு பிடிச்சிருக்கும்மா" என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று நானும் சொல்லாமலிருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரொம்ப நாளாகத் தனக்கும் ஒரு பல் தொந்தரவு கொடுக்கிறது, அதைப் பிடுங்காமல் பார்க்க பெரியவர்களுக்கான டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டார். நம் வாயாடி உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

வெளியே வந்து அவள் ஒரு ஆப்பிளை அந்தப் பக்கமே வைத்துக் கடித்தாள். தெருவே கேட்கும்படி ஒரு சத்தம். செருப்புக் கடை வாசலில் நின்று நான் அழுதுவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து நாளாகிறது.

இன்னொரு விஷயம். போன தடவை போனில், கப்பல் வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது, கம்பெனி இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்கிறது, சரியென்று சொல்லிவிடலாமென்று இருக்கிறேன் என்றீர்கள். அவர்களிடம் இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். பிறகு என்னைக் கேளுங்கள், குறுக்கே பேசாமல். காற்றும் கடலும் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் கேள்விக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி